மீன் தலையில் ஒரு முத்து

மீன் குழம்பில் தலைத்துண்டுக்கு ஆசைப்படுகிறவர்களுக்கு இது பழகிய அனுபவம். கத்தாளையின் தலையைப் பிரித்துச் சப்பிக்கொண்டிருக்கும்போது பல்லில் நறுக்கென்று ஏதோ தட்டும். முள் இல்லை, மணலும் இல்லை. எடுத்துப் பார்த்தால் வெள்ளை வெளேரென்று ஒரு கல். ஒரு பக்கம் வழவழப்பாக இருக்கும். மறுபக்கம் மேடும் பள்ளமுமாக இருக்கும். இன்னும் தேடினால் அதற்கு இணையான இன்னொரு கல்லும் அகப்படும். இரண்டையும் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்வோம்.

தூத்துக்குடிக் கரையில் தலைமுறை தலைமுறையாக இப்படி ஒதுக்கப்பட்டுவந்த அந்தக் கல்லில், அந்த மீன் முட்டையிலிருந்து வெளிவந்த நாள் முதல் வலையில் விழுந்த நாள் வரை, ஒவ்வொரு நாளும் பதிவாகியிருக்கிறது. எந்தத் தண்ணீரில் வளர்ந்தது, உப்புநீரிலிருந்து எப்போது நன்னீருக்குள் நுழைந்தது, எப்போது மறுபடி கடலுக்குத் திரும்பியது என்பதும் அதில் உண்டு.

முத்துக்குப் பேர்போன கரை இது. அந்த முத்து எதனால் ஆனது என்று வேதியியலாளரைக் கேட்டால், கால்சியம் கார்பனேட் என்பார். அதிலும் அரகோனைட் என்னும் படிக வடிவம். நடுநடுவே மெல்லிய புரத ஏடுகளை விரித்து, அடுக்குமேல் அடுக்காகச் சிப்பி அதைக் கட்டுகிறது. மீன் தலையில் இருக்கும் கல்லும் கால்சியம் கார்பனேட்தான், பெரும்பாலும் அதே அரகோனைட், அதே புரத ஏடுகள், அதே அடுக்குகள். ஒரே சரக்கில் கடல் செய்த இரண்டு பொருள்கள். ஒன்றைத் தேடி ரோமாபுரியிலிருந்துகூட ஆள் வந்தார்கள். மற்றொன்றைக் குப்பையில் போட்டோம்.

அந்த இரண்டாவது முத்தைப் பற்றியது இந்த அத்தியாயம். அதைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு, கடல் மீனின் சொந்த ஊர் எது என்ற கேள்விக்கு அது விடை சொல்கிறது.

மூன்று காயல்கள்

தாமிரபரணி பொதிகை மலையில் பிறந்து, ஏறக்குறைய 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் அதன் மலைகளில் பெய்கின்றன. தமிழ்நாட்டில் வற்றாத ஆறு என்று அதற்குப் பெயர் வந்தது அதனால்தான்.

ஆற்றின் வாய் ஒரே இடத்தில் நின்றதில்லை. பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கை ஒரு காலத்தில் அந்த வாயில் இருந்தது. ஆறு கொண்டுவந்த வண்டல் கரையைத் தள்ளிக்கொண்டே போக, இன்று கொற்கை கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே வாழைத் தோட்டங்களுக்கு நடுவே கிடக்கிறது. கொற்கை தூர்ந்தபின் காயல் எழுந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்ட காயல் அது. இன்றைய பழையகாயல்தான் அந்த இடம் என்று கால்டுவெல் காட்டினார். அதுவும் தூர்ந்தது. பிறகு புன்னைக்காயல். நதி வாயைத் தேடித் துறைமுகங்கள் ஒவ்வொன்றாக இடம் மாறின. மீன்களும் அதே வாயைத் தேடித்தான் வந்துகொண்டிருக்கின்றன, மனிதர்கள் வருவதற்கு வெகு காலம் முன்பிருந்தே.

ஏன் வருகின்றன? மடவையை எடுத்துக்கொள்வோம். மடவை முட்டையிடுவது கடலில். அலையில் மிதந்து பொரியும் குஞ்சு, சில வாரங்களில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வளர்ந்ததும் கரையை நோக்கி வந்து, காயல் என்னும் கழிமுகத்துக்குள் கூட்டமாக நுழைகிறது. பால்மீனும் அப்படியே. திறந்த கடலில் பொரித்து, ஒன்று ஒன்றரை சென்டிமீட்டர் நீளத்தில் கண்ணாடி இழைபோலக் கரைக்கு வருகிறது. உடம்பின் வழியே மறுபக்கம் தெரியும். இரண்டு கண்களும் குடலும் மட்டும் மூன்று கரும்புள்ளிகளாகத் தெரியும். கொடுவா, செப்பிலி, ஊடகம், கிழங்கான், கடைத்தெருவில் விலைபோகும் வெள்ளை இறால் என எல்லாமே கடலுக்கும் காயலுக்கும் இடையே இப்படிப் பிள்ளைப் பருவத்தைப் பங்கிட்டுக்கொள்பவை.

காயலில் அவற்றுக்குக் கிடைப்பது மூன்று. முதலாவது சாப்பாடு. ஆறு கொண்டுவரும் சத்தும் கண்டல் மரங்களின் உதிர்ந்த இலையும் சேற்றில் கலந்து, கோடிக்கணக்கான நுண்ணுயிர்களை வளர்க்கின்றன. இரண்டாவது ஒளிவிடம். அலையாத்தி மரத்தின் மூச்சுவேர்கள் ஆயிரக்கணக்கில் சேற்றிலிருந்து விரல்களாக நீட்டி நிற்கும் இடத்தில் பெரிய மீன் புகமுடியாது. கலங்கல் தண்ணீரில் வேட்டையாடுகிறவனின் கண் எட்டாது. மூன்றாவது ஆழமின்மை. முழங்கால் அளவு தண்ணீரில் பாறை மீனும் சுறாவும் சுலபமாக வந்து வாய் வைக்கமுடியாது.

இத்தனைக்கும் ஒரு விலை உண்டு. காலையில் கடல்நீர், மழை பெய்தால் மாலையில் நன்னீர், கோடையில் கடலை விடவும் உப்பு. அந்த மாற்றத்தைத் தாங்கும் உடம்பு இருந்தால்தான் காயலில் பிழைக்கலாம்.

பொடி மீன் கணக்கு

இந்தக் கரைக்குக் கணக்கெடுப்பு புதிதல்ல. முத்துக்குளிப்பு அறிவிக்கும் முன்பு, ஆட்சியாளர்கள் முக்குளிகளை இறக்கிப் பார்களில் மாதிரிச் சிப்பி எடுப்பார்கள். தூத்துக்குடிக்கு எதிரே கடலடியில் இருக்கும் முத்துப் பார்களில் எத்தனை சிப்பி, என்ன வயது, அறுத்தால் எவ்வளவு முத்து என்று மதிப்பிட்ட பிறகே குளிப்புக்கு நாள் குறிப்பார்கள். சிப்பி சிறிசாக இருந்தால் அந்த ஆண்டு குளிப்பு கிடையாது. கடல் உயிரியலாளர் ஜேம்ஸ் ஹார்னெல் 1905இல் சென்னை அரசுக்கு மன்னார் வளைகுடா முத்துக்குளிப்புகளைப் பற்றித் தந்த அறிக்கையின் பின்னணியில் இருந்ததும் இதே கவலைதான்: ஓராண்டு பார் நிறையச் சிப்பி, அடுத்த சில ஆண்டுகள் ஒன்றும் இல்லை. குஞ்சுச் சிப்பி எங்கிருந்து வருகிறது, ஏன் வராமல் போகிறது?

மீன் குஞ்சுக் கணக்கெடுப்பும் இதே கேள்வியைத்தான் கேட்கிறது, வேறு கருவிகளோடு.

கருவி எளிது. சிறு கண்ணுள்ள ஒரு கரைவலை. இரண்டு பேர் இடுப்பளவு தண்ணீரில் அதை விரித்து, அளந்து வைத்த தூரத்துக்கு இழுத்து, கரையில் ஏற்றுகிறார்கள். மன்னார் வளைகுடாவில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆனால் அந்தச் சிறு இறக்கமே சேற்றுத் திட்டுகளைத் திறந்துவிட்டு, குஞ்சுகளைக் குறுகிய கால்வாய்களுக்குள் ஒதுக்கிவிடும். அதனால் வற்றத்தில் இழுப்பதா, ஏற்றத்தில் இழுப்பதா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். முடிவு செய்தபின் மாற்றக்கூடாது. அதே இடம், அதே வலை, அதே தூரம், அதே ஓதம், மாதம் தவறாமல். இந்தப் பிடிவாதம் இல்லாவிட்டால், இந்த மாதம் மீன் குறைந்ததா அல்லது வலை மாறியதா என்பது தெரியாமலே போய்விடும்.

வலை கரையேறியதும் நேரம் ஓட ஆரம்பிக்கும். குஞ்சுகள் சாகும் முன் திருப்பி விட்டாக வேண்டும். ஒரு வாளியில் காயல் தண்ணீர், ஒரு வெள்ளைத் தட்டு, ஒரு அளவுகோல், ஒரு நோட்டு. வெள்ளைத் தட்டில் ஊற்றும்போதுதான் வெள்ளிப் பொடியாகத் தெரிந்தது பல ஊர்க்காரர்களின் கூட்டம் என்று புரியும். காரல் குஞ்சு நாணயம்போலப் பளபளக்கும். கிழங்கான் குஞ்சு தட்டின் மூலையில் மணலைத் தேடும். செப்பிலிக் குஞ்சுக்குப் பெரிய மீனின் செந்நிறம் இருக்காது. உடம்பில் வெளிறிய பட்டைகள் நெடுக்காக இறங்கும், கன்னத்தில் நீலக் கோடு ஓடும். கொடுவாக் குஞ்சு அடர் பழுப்பில் திட்டுத் திட்டாக இருக்கும். மூக்கிலிருந்து முதுகுத் துடுப்பு வரை நெற்றியில் ஒரு வெள்ளைக் கோடு. பழக்கமில்லாதவர் அதையும் பெரிய கொடுவாவையும் ஒரே இனம் என்று நம்பமாட்டார். நடுவே ஜிலேபிக் கெண்டையின் குஞ்சும் இருக்கும். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அந்த ஆப்பிரிக்க மீன் உவர்நீரையும் தாங்கும்.

மிகவும் கடினம் மடவைக் குஞ்சுகள்தான். ஒன்றுக்கொன்று நெருங்கிய பல மடவை இனங்கள் இந்தக் கரையில் உண்டு. இரண்டு சென்டிமீட்டர் அளவில் எல்லாமே ஒரே வெள்ளிக் கம்பி. அவற்றைப் பிரிக்க நுண்ணோக்கியின் கீழ் வயிற்றின் கரும்புள்ளிகளையும் பற்களையும் பார்க்க வேண்டியிருக்கும். அதிலும் தீராவிட்டால் டிஎன்ஏ. 2003இல் கனடாவின் பால் ஹெபர்ட் முன்வைத்த வழியில், ஒரு குறிப்பிட்ட மரபணுவின் துண்டைப் படித்து, கடைச் சாமானின் பட்டைக்கோடுபோல இனத்தைக் கண்டுபிடிக்கலாம்.

தட்டில் எண்ணி முடித்ததும் பெரும்பாலானவை தண்ணீருக்குத் திரும்பும். சில மட்டும் சாராயப் புட்டிக்குள் போகும். பழைய அருங்காட்சியக வழக்கப்படி பார்மலினில் போட்டால் காரியம் கெடும். அதில் இருக்கும் அமிலம் தலைக்கல்லைக் கரைத்துவிடும். மீன் பத்திரமாக இருக்கும், அதன் நாட்குறிப்பு போய்விடும்.

வலை இழுக்கும் இடத்தில் கரையில் நிற்கும் பெரியவர் யாராவது ஒருவர் கேட்காமல் இருப்பதில்லை.

“தம்பி, இந்தப் பொடிய எண்ணி என்னத்துக்கு ஆகப்போவுது?”

நல்ல கேள்வி. எண்ணிக்கை மட்டும் போதாது என்பதை விஞ்ஞானிகளும் தாமதமாகவே உணர்ந்தார்கள். ஓரிடத்தில் குஞ்சு நிறைய இருக்கிறது என்பதாலேயே அது நல்ல வளர்ப்பிடம் ஆகிவிடாது. அங்கே வருகிற குஞ்சுகள் அங்கேயே பட்டினியில் செத்துக்கொண்டும் இருக்கலாம். 2001இல் அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் பெக்கும் அவருடைய கூட்டாளிகளும் இதற்கு ஒரு வரையறை தந்தார்கள்: ஒரு வாழிடத்திலிருந்து, அதன் பரப்பளவுக்கு ஒப்பிட்டால், மற்ற இடங்களைக் காட்டிலும் அதிகமான குஞ்சுகள் பிழைத்து வளர்ந்து பெரிய மீன்களின் கூட்டத்தில் போய்ச் சேரவேண்டும். அப்போதுதான் அது வளர்ப்பிடம். அதாவது காயலில் எத்தனை என்று எண்ணினால் பாதி வேலைதான் ஆகியிருக்கிறது. கடலில் பிடிபட்ட பெரிய மீனைக் காட்டி, இது எந்தக் காயலின் பிள்ளை என்று சொல்லவேண்டும்.

மடவைக் குஞ்சின் வாலில் அடையாளச் சீட்டு கட்டி அனுப்பமுடியாது. மூன்று சென்டிமீட்டர் மீன் அந்தச் சீட்டையே தூக்காது. ஆனால் அதற்கு அவசியமும் இல்லை. பிறக்கும்போதே மீன் தன் சீட்டைத் தலைக்குள் வைத்திருக்கிறது.

நாள் வளையம்

மீனுக்கு வெளிக்காது இல்லை, உள்காது உண்டு. மூளையின் இரு பக்கமும் திரவம் நிறைந்த சிறு பைகள். பக்கத்துக்கு மூன்று கற்கள், ஆக மொத்தம் ஆறு. மீன் சாயும்போதும் ஒலி அலை வரும்போதும் உடம்போடு சேராமல் இந்தக் கல் சற்றுப் பின்தங்கி அசையும். அந்த அசைவை நரம்பு உணர்ந்து, எது மேல், எது கீழ், சத்தம் எங்கே என்று மூளைக்குச் சொல்லும். இவற்றைச் செவிக்கல் என்கிறோம். நம் காதிலும் இதே வேலையை இதே பொருளாலான நுண்ணிய துகள்கள் செய்கின்றன.

செவிக்கல் வாழ்நாள் முழுக்க வளரும். செதிலும் எலும்பும் பஞ்ச காலத்தில் கரைந்து உடலுக்கே திரும்பிப் போவதுண்டு. செவிக்கல்லில் ஒருமுறை படிந்தது படிந்ததுதான். உடல் அதைத் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை. ஒரு ஆவணத்துக்கு இதைவிட நல்ல குணம் வேண்டியதில்லை.

குளிர்நாட்டு மீன்களின் செவிக்கல்லில் ஆண்டுக்கு ஒரு வளையம் இருப்பது 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தெரிந்திருந்தது. குளிர்காலத்தில் வளர்ச்சி மட்டுப்படும், அதுவே கோடாகும். நம் கடலில் அப்படிப்பட்ட குளிர்காலம் இல்லை. அதனால் வெப்பநாட்டு மீன்களில் ஆண்டு வளையம் மங்கலாக, நம்பமுடியாததாக இருந்தது. வழி திறந்தவர் ஜார்ஜியோ பன்னெல்லா. சிப்பி ஓடுகளின் வளர்ச்சிக் கோடுகளை ஆராய்ந்துவந்தவர் அவர். 1971இல் மீன் செவிக்கல்லைத் தேய்த்துப் பார்த்தபோது, இரண்டு ஆண்டு வளையங்களுக்கு நடுவே ஏறக்குறைய 360 மெல்லிய வரிகளைக் கண்டார். நாளுக்கு ஒரு வரி. ஓட்டைப் படித்துப் பழகிய கண்ணுக்கே கல்லில் இருந்தது தெரிந்தது.

இரவும் பகலுமாக மீனின் உடல் இயங்கும் தாளத்தில், ஒரு பொழுது கால்சியம் அதிகமாகப் படியும், ஒரு பொழுது புரதம் அதிகமாகப் படியும். ஒன்று வெளிச்சமாகவும் ஒன்று இருட்டாகவும் தெரியும். அந்த இணை ஒரு நாள்.

மூன்று சென்டிமீட்டர் மடவைக் குஞ்சின் செவிக்கல் கடுகை விடவும் சிறியது. நுண்ணோக்கியின் கீழ்க் குஞ்சை வைத்து, தலையின் மேலோட்டைச் சீவி, இரண்டு மெல்லிய ஊசிகளால் மூளைக்குக் கீழே துழாவினால், தெளிந்த திசுவுக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி மின்னும். அதை எடுத்து, கழுவி, கண்ணாடித் தகட்டில் உருகும் பிசினால் ஒட்டி, மிக நுண்ணிய உப்புத்தாளில் தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். நாலு தேய்ப்பு, ஒரு பார்வை. மறுபடி நாலு தேய்ப்பு, ஒரு பார்வை. நடுக்கரு மேலே தெரியும் நேரத்தில் நிறுத்திவிட வேண்டும். ஒரு தேய்ப்பு கூடினால் மீனின் பிறந்தநாளே தூளாகிப் போகும்.

சரியாக வந்தால், பார்ப்பவர் மூச்சைப் பிடித்துக்கொள்ளும் காட்சி அது. நடுவில் ஒரு புள்ளி. அதைச் சுற்றிச் சுற்றி, வெட்டிய மரத்தில் இருப்பதைப்போல, மயிரிழை வளையங்கள். இரண்டு பேர் தனித்தனியே, மீனின் நீளம் தெரியாமலே எண்ணுவார்கள். இருவர் கணக்கும் ஒத்துவராத கல் ஒதுக்கப்படும்.

ஜனவரி 20ஆம் தேதி புன்னைக்காயலில் பிடித்த ஒரு குஞ்சின் கல்லில் 50 வளையங்கள் என்று வைத்துக்கொள்வோம். அது டிசம்பர் 1ஆம் தேதியை ஒட்டிப் பொரித்தது. வாடைக் காற்று வீசி, வடகிழக்கு மழை இறங்கி, ஆறு கலங்கலாக ஓடிய நாட்கள் அவை. நூறு குஞ்சுகளுக்கு இப்படிக் கணக்குப் பார்த்தால், எந்தப் பிறை நாட்களில் முட்டையிட்டன, எந்த வெள்ளத்தில் பிறந்தவை பிழைத்தன, எந்த வாரத்தில் பிறந்தவை ஒன்றுகூட மிஞ்சவில்லை என்பதெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். வளையங்களின் இடைவெளி அகலமாக இருந்தால் அந்த நாட்களில் நல்ல சாப்பாடு. நெருக்கமாக இருந்தால் பஞ்சம்.

நீரின் கைரேகை

வளையம் ‘எப்போது’ என்று சொல்கிறது. ‘எங்கே’ என்று சொல்வது வளையத்துக்குள் இருக்கும் அசுத்தம்.

அரகோனைட் முழுக்கக் கால்சியமாக இருப்பதில்லை. கால்சியத்துக்கு உறவுக்கார உலோகங்களான ஸ்ட்ரான்ஷியமும் பேரியமும் தண்ணீரிலிருந்து செவுள் வழியே இரத்தத்துக்கு வந்து, கால்சியத்தின் இடத்தில் ஒட்டிக்கொள்கின்றன. மீன் இருக்கும் தண்ணீரில் அவை எவ்வளவோ, அதை ஒட்டியே கல்லிலும் சேரும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 8 மில்லிகிராம் ஸ்ட்ரான்ஷியம் உண்டு. ஆற்றுநீரில் பொதுவாக அதில் சிறு பங்குதான். பேரியம் இதற்கு நேர்மாறு. கடலில் குறைவு, ஆற்றில் அதிகம். ஆற்று வண்டலில் ஒட்டிக்கொண்டு வரும் பேரியம், உப்புத்தண்ணீர் முதலில் பட்டதும் கழன்று கரைகிறது. அதனால் ஆறும் கடலும் கலக்கத் தொடங்கும் இடத்தில் பேரியம் திடீரென்று உயரும். காயலுக்கே உரிய முத்திரை அது.

செவிக்கல்லின் நடுவிலிருந்து விளிம்பு வரை லேசர் கதிரால் ஒரு மெல்லிய கோடு கிழித்து, எழும் புகையைக் கருவிக்குள் செலுத்தினால், ஒவ்வொரு நாளின் வளையத்திலும் எந்த உலோகம் எவ்வளவு என்று தெரியும். நடுவில் ஸ்ட்ரான்ஷியம் ஓங்கி நிற்கிறதா? கடலில் பொரித்தது. இருபத்தைந்தாம் வளையத்தில் ஸ்ட்ரான்ஷியம் சரிந்து பேரியம் எழுகிறதா? அன்றைக்குக் காயலுக்குள் நுழைந்தது. பிற்பாடு இரண்டும் பழையபடி மாறுகிறதா? கடலுக்குத் திரும்பியது.

இப்படிப் படிக்க ஆரம்பித்ததும் பழைய பாடங்கள் சில திருத்தப்பட்டன. நன்னீர் விலாங்குகள் எல்லாமே கடலில் பிறந்து ஆற்றுக்குப் போய் வளர்பவை என்றுதான் உலகம் நம்பியிருந்தது. 1998இல் ஜப்பானின் கட்சுமி சுகமோட்டோவும் கூட்டாளிகளும் செவிக்கல்லின் ஸ்ட்ரான்ஷியத்தை அளந்து, ஆற்றுக்குள் ஒருநாளும் நுழையாமல் கடலிலேயே வாழ்ந்த விலாங்குகள் இருப்பதைக் காட்டினார்கள். கொடுவாவிலும் இதே கதை. நம்மூரில் கொடுவா என்றும் ஆஸ்திரேலியாவில் பாரமுண்டி என்றும் சொல்லப்படும் அந்த மீனில், நன்னீருக்குப் போய் வளர்ந்தவையும் உண்டு, போகாமலே பெரிதானவையும் உண்டு.

அடுத்தது, பல காயல்களில் எது என்ற கேள்வி. ஒவ்வொரு ஆற்றுக்கும் அதன் பாறை, மண், மழைக்கு ஏற்ற கைரேகை உண்டு. அந்தக் கைரேகையால் ஊரைக் கண்டுபிடிக்கலாம் என்பதை அழுத்தமாக நிறுவியவர்கள் சைமன் தொரல்டும் கூட்டாளிகளும். அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் நியூயார்க் முதல் ஜார்ஜியா வரை ஐந்து கழிமுகப் பகுதிகளில் அவர்கள் ஒரு மீனின் குஞ்சுகளைப் பிடித்து, செவிக்கல்லின் வேதியியலைப் பதிவு செய்து வைத்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து, அதே ஆண்டில் பிறந்து வளர்ந்த பெரிய மீன்கள் முட்டையிட வந்தபோது, அவற்றின் செவிக்கல்லின் நடுப்பகுதியைப் படித்து ஒப்பிட்டார்கள். 60 முதல் 81 சதவீத மீன்கள் தாம் பிறந்த கழிமுகத்துக்கே திரும்பி வந்திருந்தன. 2001இல் வெளியான முடிவு இது. கடல் என்றால் எல்லாம் கலந்து கிடக்கும் பொதுக்குளம் என்ற எண்ணத்தை அது அசைத்தது. அந்த மீன் எது தெரியுமா? நம் கத்தாளையின் குடும்பம். தட்டின் ஓரத்தில் நாம் ஒதுக்கும் அதே கல்.

நம் கரைக்கு ஒரு பதிவேடு

தூத்துக்குடிக் கரை இந்த வேலைக்கென்றே அமைந்ததுபோல இருக்கிறது. வடக்கே வேம்பாறும் வைப்பாறும் மழை பெய்தால் ஓடி, மற்ற நாட்களில் மணல்திட்டால் வாய் அடைபட்டுக் கிடக்கும் ஆறுகள். நகரை ஒட்டிக் கோரம்பள்ளம் குளத்தின் உபரிநீரைக் கொண்டுவரும் உப்பாற்று ஓடை. அதைச் சுற்றி வானம் பிரதிபலிக்கும் உப்பளங்கள். தெற்கே தாமிரபரணி. எதிரே வான்தீவு, கோசுவாரி, காரைச்சல்லி எனப் பவளத்திட்டுகளும் கடற்புல் வெளிகளும் கொண்ட தீவுகள். 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் பகுதி. வற்றாத ஆற்றின் தண்ணீர், மழைக்கால ஓடையின் தண்ணீர், உப்பளத்தை ஒட்டிய கடும் உப்புத் தண்ணீர், தெளிந்த தீவுக் கடல் என்று நாலு விதமான தண்ணீர், ஒரு நாளில் சுற்றிவரும் தூரத்துக்குள்.

செய்யவேண்டியது இதுதான். ஒவ்வொரு வளர்ப்பிடத்திலும் ஒரே ஆண்டில் பிறந்த குஞ்சுகளைச் சேகரித்து, அந்த ஆண்டுக்கான கைரேகைப் பதிவேட்டை உண்டாக்க வேண்டும். ஒரே ஆண்டு என்பது முக்கியம். மழை குறைந்த ஆண்டின் தாமிரபரணித் தண்ணீர் மழை மிகுந்த ஆண்டின் தண்ணீர் ஆகாது. அடுத்த ஆண்டின் மீனை இந்த ஆண்டின் பதிவேட்டோடு ஒப்பிட்டால் தவறான ஊரில் கொண்டுபோய் விடும். பிறகு, அந்தக் குஞ்சுகள் வளர்ந்து வலையில் விழும் காலத்தில், மீன்பிடித் துறைமுகத்தில் இறங்கும் செப்பிலியையும் மடவையையும் வாங்கி, தலைக்கல்லின் நடுவைப் படித்து, பதிவேட்டில் தேட வேண்டும். வெப்பமும் மீனின் உடல்நிலையும்கூட இந்த உலோகங்களைக் கொஞ்சம் ஏற்றி இறக்கும் என்பதால், ஒரே ஒரு உலோகத்தை நம்பாமல் பலவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதற்கு வேண்டிய அறிவும் ஆட்களும் இந்தக் கரையிலேயே இருக்கிறார்கள். 1947இல் தொடங்கிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இங்கே இருக்கிறது. அங்கேதான் 1973இல் விஞ்ஞானி அழகர்சாமி இந்திய முத்துச் சிப்பியில் வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினார். 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. முத்துச் சிப்பிக்குள் நுண்ணிய கருவை வைத்து அரகோனைட் படிய வைக்கக் கற்ற ஊருக்கு, மீன் தலைக்குள் படிந்திருக்கும் அரகோனைட்டைப் படிப்பது அந்நியமான கலை அல்ல.

கிடைக்கப்போகும் விடை சிறியதல்ல. கரீபியன் கடலில் பீட்டர் மம்பியும் கூட்டாளிகளும் 2004இல் காட்டியது நினைவில் வைக்கத் தக்கது: கண்டல் காடு பக்கத்தில் இருக்கும் பவளத்திட்டுகளில், விலைபோகும் சில மீன்களின் மொத்த எடை, காடில்லாத இடங்களைவிட இரண்டு மடங்குக்கும் மேலாக இருந்தது. நம் செப்பிலியும் அப்படி வாழும் மீன்தான். சிறு வயதில் கண்டல் வேரடியில், பெரிதானதும் பவளப் பாரில். தீவைக் காப்பாற்ற வேலி போட்டுவிட்டு, கரையில் கண்டலை வெட்டினால், வீட்டைப் பூட்டிவிட்டுப் பிள்ளைகளைத் தெருவில் விட்ட கதையாகும்.

ஆறு கொடுக்கும் மீன்

தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி ஸ்ரீவைகுண்டம். அதற்குக் கீழே புன்னைக்காயல் வரை ஆற்றுக்குக் கிடைப்பது, விவசாயத்துக்கும் குடிநீருக்கும் ஆலைகளுக்கும் போக மிஞ்சி, அணையைத் தாண்டி வழியும் தண்ணீர்தான். அப்படி வழிவதை ‘வீணாகக் கடலில் கலக்கிறது’ என்று சொல்வது நம் வழக்கம். அக்கறையோடு சொல்லப்படும் சொல்தான் அது. வயல் காய்வதைப் பார்த்தவர்கள் சொல்வது. ஆனால் கடலில் மிதக்கும் மடவைக் குஞ்சுக்கு அந்தத் தண்ணீர்தான் வழிகாட்டி. கலங்கலின் மணமும் குறையும் உப்பும்தான் ‘வாய் இந்தப் பக்கம்’ என்று சொல்கின்றன. ஆறு பேசாத ஆண்டில் குஞ்சு எங்கே போகும்? செவிக்கல் அதையும் பதிந்துவைத்திருக்கும். பேரியம் ஏறாத வளையங்களாக.

வெள்ளமும் பதிவாகும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏரல், ஸ்ரீவைகுண்டம், தூத்துக்குடி எல்லாம் தண்ணீருக்குள் போயின. மனிதர்களுக்கு அது பேரிழப்பு. அந்த நாட்களை இந்த மாவட்டம் மறக்காது. அந்த வாரத்தில் காயலில் இருந்த ஒவ்வொரு குஞ்சின் தலைக்குள்ளும் ஆற்றுநீரின் முத்திரை ஆழமாக விழுந்திருக்க வேண்டும். அப்போது பிழைத்து இன்று கடலில் திரியும் ஒரு மீன் பிடிபட்டால், அந்த வளையத்தை விரல்வைத்துக் காட்டமுடியும்.

அதனால்தான் கரையில் நிற்கும் பெரியவரின் கேள்விக்கு இவ்வளவு நீளமாக விடை சொல்ல வேண்டியிருக்கிறது. ஐயா, நீங்கள் நாளைக்குக் கடலில் பிடிக்கப்போகும் மீன் இன்றைக்கு இந்தச் சேற்றில் இருக்கிறது. கோடையில் 61 நாள் விசைப்படகுகளைக் கரையில் கட்டிவைத்துக் கடலுக்கு ஓய்வு கொடுக்கிறோம். அந்த நாட்களிலும் காயலில் கொசுவலை போட்டுப் பொடியை அள்ளினால், ஓய்வின் பலன் கரைக்கு எட்டாது. எந்தச் சேறு எத்தனை மீனைக் கடலுக்கு அனுப்புகிறது என்பது எண்ணாமல் தெரியாது. தெரியாத வரை, அந்தச் சேறு எல்லோர் கண்ணுக்கும் வெறும் நிலமாகவே தெரியும். உப்பளத்துக்கோ, சாலைக்கோ, சாம்பல் கொட்டவோ தோதான காலி இடமாகவே தெரியும்.

1961க்குப் பிறகு தூத்துக்குடியில் பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. அரசர்களும் போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் பாருக்குக் காவல் வைத்தார்கள், முக்குளியை இறக்கி மாதிரி எடுத்தார்கள், சிப்பிக்கு வயது பார்த்தார்கள். வளர்ந்த சிப்பியை அத்தனை கவனமாக எண்ணியும், குஞ்சு எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் அவர்களால் பிடிக்கமுடியவில்லை. சிப்பிக் குஞ்சு சில வாரங்கள் கடலில் மிதந்து அலைவது. அதைப் பின்தொடர அவர்களிடம் கருவி இல்லை. பார் வெறிச்சோடியபோது யாரிடமும் கேட்க வழியில்லாமல் போயிற்று.

மீன் விஷயத்தில் நமக்கு அந்த நிலை இல்லை. எங்கே பிறந்தோம், எங்கே வளர்ந்தோம் என்று ஒவ்வொரு மீனும் தலையில் எழுதிவைத்துக்கொண்டு கரைக்கு வருகிறது. புன்னைக்காயலின் வற்றத்தில், வெள்ளைத் தட்டிலிருந்து கவிழ்த்துவிட்ட கொடுவாக் குஞ்சு, நெற்றியில் அந்த வெள்ளைக் கோட்டோடு அலையாத்தி வேர்களுக்குள் மறைகிறது. அதன் தலைக்குள் இன்றைய வளையம் இப்போது படிந்துகொண்டிருக்கிறது.